உரிமம் கையில் வந்தபின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாய்): என் மகனுக்குப் 18 வயது. கட்டாயப் படைப் பணியான தேசிய சேவையில் சேருமுன்பே ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டான். இப்போது சனிக்கிழமைதோறும் நண்பர்களை ஏற்றிக்கொண்டு வெளியே செல்லக் காரைக் கேட்கிறான். முறையாகக் கற்றுத் தேறியவனைத் தடுப்பது நியாயமில்லை என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு, இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு, 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட பாவனைக் கருவிப் (சிமுலேட்டர்) பயிற்சி, அதன்பின் செய்முறைத் தேர்வு என இத்தனையையும் கடந்து வந்த பிள்ளையை ஒன்றும் அறியாதவனாக நடத்துவது சரியன்று. ஆனால், அந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் அவனருகில் ஒரு பயிற்றுநர் அமர்ந்திருந்தார். அவருடைய காலடியில் இன்னொரு பிரேக்கும் இருந்தது. முடிவு முழுவதும் தன்னுடையதே என்ற நிலையில் ஓட்டுவதை அவன் இப்போதுதான் தொடங்குகிறான்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 21 வயதுக்கு உட்பட்டவர்கள் தேர்வுக்கு முன் குறைந்தது 120 மணி நேரம் மேற்பார்வையில் ஓட்டியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில் ஓட்டியதாக இருக்க வேண்டும். அந்த நேரத்தின் பெரும்பகுதியில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் பெற்றோர்கள்தாம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற பயிற்றுநர் மட்டுமே கற்பிக்கலாம் என்பதால், அந்த வாய்ப்பு நமக்குத் தேர்வுக்கு முன் கிடைப்பதில்லை. ஆகவே, அதைத் தேர்வுக்குப் பின் நாமாகவே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது.

முதல் சில மாதங்களுக்கு உங்களில் ஒருவர் முன்னிருக்கையில் அவனுடன் செல்லுங்கள். பழகிய பேட்டைக்குள் மட்டும் சுற்றுவதால் பயன் குறைவு. பருவமழை கொட்டும் மாலையில், முன்னால் செல்லும் வாகனத்தின் பின்விளக்கு மங்கலாகத் தெரியும்போது எவ்வளவு இடைவெளி விடுகிறான் என்று பாருங்கள். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்; ஈரச்சாலையில் அது இன்னும் நீளும். தீவு விரைவுச்சாலையில் சேரும்போது, கனரக வாகனங்களுக்கு நடுவே அவசரப்படாமல் இடம் பார்த்து நுழைகிறானா என்பதையும் கவனியுங்கள். அம்புக்குறி விளக்கு இல்லாத சந்திப்பில் வலப்புறம் திரும்புவது எல்லாவற்றையும்விடக் கடினம். எதிரே வரும் வாகனங்களுக்கு இடையில் ஓர் இடைவெளி கிடைத்ததும் கண் அதிலேயே நிலைத்துவிடும். அதே நேரத்தில் திரும்பும் சாலையைக் கடக்கும் பாதசாரிகளுக்கும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இவ்விடத்தில் பொறுத்திருந்து அடுத்த பச்சைக்குக் காத்திருப்பது குறையில்லை என்பதை, பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் அவன் மனத்தில் பதியச் செய்யுங்கள். உடனடி ஆபத்து இருந்தாலொழிய ஓட்டும்போது குறை கூறாதீர்கள். வீடு வந்து சேர்ந்தபின் அமைதியாகப் பேசுங்கள்.

நண்பர்களைப் பொறுத்தவரை உங்கள் தயக்கம் சரியானதே. பதின்ம வயது ஓட்டுநரின் காரில் அதே வயதினர் கூடக்கூட உயிரிழப்பு அபாயமும் கூடுகிறது என்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. படிப்படியாக உரிமம் வழங்கும் முறையை 1987ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்த நியூசிலாந்தில், இடைநிலை உரிமம் பெற்றவர்கள் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியாக ஓட்ட இயலாது. நம் சட்டத்தில் இத்தகைய தடை இல்லாவிட்டாலும், வீட்டில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம். முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு நண்பருக்கு மேல் வேண்டாம், நள்ளிரவுப் பயணமும் வேண்டாம் என்று அவனுடன் கலந்து பேசி முடிவெடுங்கள். முகாமிலிருந்து களைத்து வரும் வார இறுதிகளில், தூங்கி எழும்வரை சாவியைத் தொடுவதில்லை என்பதும் அதில் இடம்பெற வேண்டும். தூக்கமின்மை மதுவைப் போலவே கவனத்தைக் குலைக்கும். எந்த நேரத்தில் அழைத்தாலும் திட்டாமல் வந்து அழைத்துச் செல்வோம் என்ற வாக்குறுதியை நீங்களும் கொடுங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தந்தை): கைப்பேசியைப் பற்றி மகளுக்கு அறிவுரை சொன்னால், "நீங்களும்தானே அப்பா பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறாள்.

பதில்: அவள் கேட்பது நியாயம். பின்னிருக்கையில் அமர்ந்து உங்களைப் பார்த்த ஆண்டுகள்தாம் அவள் பெற்ற மிக நீண்ட ஓட்டுநர் பயிற்சி. ஓடும் காரில் கைப்பேசியைக் கையில் பிடித்திருப்பதே இங்கு குற்றம். புறப்படுமுன் அதைப் பையில் போட்டுவிடும் வழக்கத்தை இன்றே தொடங்குங்கள். தொடங்கியதை அவளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்): புதிய ஓட்டுநரின் உரிமம் ஒரே தவற்றில் பறிபோகுமா?

பதில்: பெரும்பாலும் இரண்டு தவறுகள் போதும். முதல் ஓராண்டு நன்னடத்தைக் காலம். அதற்குள் 13 அல்லது அதற்கு மேற்பட்ட குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும். சிவப்பு விளக்கை மீறினால் 12 புள்ளிகள், இருக்கை வார் அணியாவிட்டால் 3 புள்ளிகள். உரிமம் ரத்தானவர் மீண்டும் ஓட்ட விரும்பினால், தேர்வுகளை முதலிலிருந்து எழுதித் தேற வேண்டும்.