சடைமுடி நாய்க்கு வெயில் காலத்தில் மொட்டை அடிக்கலாமா? கேள்வி பதில்

வெயில் ஏற ஏற, முடி அடர்ந்த பெரிய நாய்களை வளர்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: மழித்துவிடலாமா? நாய்களுக்கு முடி திருத்துவது என் தொழில். வந்திருக்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நோய் என்று சந்தேகம் வந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடமே போங்கள்.

கேள்வி: மேடம், எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு நான்கு வயது. பகல் முழுவதும் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறான். அவன் முடியைப் பார்த்தாலே எங்களுக்கு வியர்க்கிறது. முழுக்க மழித்தால் அவனுக்கு நிம்மதியாக இருக்காதா?

பதில்: மழிக்க வேண்டாம். உங்கள் உடம்பை வைத்து அவன் உடம்பை அளக்கிறீர்கள். அது பாசத்தால் வருவது, புரிகிறது. ஆனால் நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது, அந்த வியர்வை காயும்போது சூடு தணிகிறது. நாய்க்கு அப்படி வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். அதன் உடற்சூடு பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. வேகமாக இரைக்கும்போது நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி, அங்கே ஓடும் ரத்தம் குளிர்கிறது. முதுகு முடியை எடுப்பதால் இந்த வேலை சிறிதும் கூடப் போவதில்லை. அவன் இரைப்பது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத்தான்.

இன்னொன்று, ரெட்ரீவருக்கு இருப்பது இரண்டு அடுக்கு முடி. மேலே நீண்ட, சற்று முரட்டு முடி. அது வெயில் நேராகத் தோலில் விழாமல் தடுக்கிறது. அடியில் மென்மையான, அடர்ந்த உள்முடி. வெயில் காலம் தொடங்கும்போது இந்த உள்முடி கொத்துக் கொத்தாக உதிர வேண்டும். உதிர்ந்தது வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் காற்று தோலை எட்டாது, நாய் புழுங்கும். நீங்கள் எடுக்க வேண்டியது அந்தச் செத்த உள்முடியை. அதற்குச் சீப்பு போதும்.

கேள்வி: அப்படியானால் முடியால் சூடே ஏறாது என்கிறீர்களா? அடர்ந்த முடி சூட்டை அடைத்து வைக்கும் என்றும் சொல்கிறார்களே?

பதில்: அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. முடி இரண்டு பக்கமும் தடுக்கும். வெயிலில் நிற்கும் நாய்க்கு வெளிச்சூட்டைத் தடுக்கிறது. ஓடியாடும் நாய்க்குத் தசைகளில் பிறக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் அடர்முடி நாயை வெயில் நேரத்தில் பந்தெறிந்து ஓடவிடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். நடையும் விளையாட்டும் விடியற்காலையிலோ, தரை ஆறிய பிறகோ போதும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அவனுடைய பாதமும் தாங்காது.

வயிற்றுப் பக்கம் மட்டும் முடியைக் குட்டையாக வெட்டலாம். அங்கே வெயில் படுவதில்லை. குளிர்ந்த தரையில் படுக்கும்போது தோல் நேராகத் தரையைத் தொடுவது நல்லதுதான்.

கேள்வி: போன கோடையில் எங்கள் சைபீரியன் ஹஸ்கிக்கு முடியை ஒட்ட மழித்துவிட்டோம். இன்னமும் முதுகிலும் தொடையிலும் திட்டுத் திட்டாக முளைக்காமல் கிடக்கிறது. வேறு ஏதாவது நோயா?

பதில்: மழித்த பின் முடி முளைக்காமல் நின்றுபோவது ஹஸ்கி, மலமூட், சமோயெட், சௌ சௌ போன்ற இனங்களில் தெரிந்த சிக்கல். இவற்றின் முடி வளர்வதை நிறுத்திவிட்டு ஓய்வு நிலையிலேயே நெடுநாள் இருக்கும். அந்த நேரத்தில் ஒட்ட வெட்டினால், அடுத்த வளர்ச்சி தொடங்கும்வரை தோல் அப்படியே காத்துக் கிடக்கும். பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டைத் தாண்டியும் போகலாம். வளரும்போது நிறமும் தன்மையும் மாறியிருக்கக்கூடும்.

ஆனாலும் ஓராண்டு ஆகப் போகிறது என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும், குஷிங் நோய் (கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது) இருந்தாலும் முடி வளராது. சோம்பல், காரணமில்லாமல் எடை கூடுவது, ஓயாத தாகம் இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை வெறும் தோலில் வெயில் படக் கூடாது, வெந்துபோகும். மெல்லிய பருத்திச் சட்டை போடலாம். மனிதர்களுக்கான வெயில் களிம்பைத் தடவ வேண்டாம். பலவற்றில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது, நாய் நக்கி விழுங்கினால் அது நஞ்சு.

கேள்வி: ஸ்டாண்டர்ட் பூடிலுக்கும் இதே விதிதானா?

பதில்: இல்லை. பூடிலின் முடி நம் தலைமுடி போலத் தொடர்ந்து வளர்வது, வெட்டத்தான் வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள், தோல் தெரியும்படி வேண்டாம். பூடில் கலப்பு நாய்களில் பலவற்றுக்கு உள்முடியும் சேர்ந்தே இருக்கும். விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் செயின்ட் பெர்னார்டுக்குக் காதின் பின்னாலும் தொடையிலும் முடி கெட்டியாகச் சடை பிடித்துவிட்டது. சீப்பு வைத்தாலே அலறுகிறாள். மழிக்கக் கூடாது என்கிறீர்கள், என்னதான் செய்வது?

பதில்: இவளுக்கு மழியுங்கள். சடை விழுந்த இடத்தில் ஒவ்வோர் அசைவுக்கும் தோல் இழுபடுகிறது. அந்த வலியோடு சீப்பால் இழுத்துக்கொண்டிருப்பது கொடுமை. முடியின் அழகைவிட அவள் வலி பெரிது. சடைக்குள் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும், அங்கே ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள். தோல் சடைக்குள் ஏறி மடிந்திருக்கும், முடி என்று நினைத்து வெட்டினால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். முடி மழிக்கும் இயந்திரமான கிளிப்பர்தான் சரி, அதைத் தெரிந்தவர் செய்ய வேண்டும். கிளிப்பரின் பிளேடு ஓட ஓடச் சூடாகும், அடிக்கடி தொட்டுப் பார்த்து ஆறவிட வேண்டும். மழிப்பதற்கு முன் குளிப்பாட்ட வேண்டாம், நனைந்தால் சடை இன்னும் இறுகும். காதுச் சடையை எடுத்ததும் நாய் தலையை வேகமாக உதறும், அதில் காது மடலில் ரத்தம் கட்டுவதும் உண்டு. மடல் வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுவைச் சிகிச்சை, ஸ்கேன், தோல் புண் என்று மருத்துவர் மழிக்கச் சொன்னாலும் மறுக்காதீர்கள்.

கேள்வி: நானும் தினமும் சீவுகிறேன். மேலே பளபளவென்று இருக்கிறது, அடியில் மட்டும் சிக்கு. எங்கே தவறுகிறேன்?

பதில்: மேலோட்டமாகச் சீவுகிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். ஒரு கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். கீழே தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியை இறக்கி, வேரிலிருந்து நுனிவரை கம்பிப் பற்கள் உள்ள பிரஷால் சீவுங்கள். தோலை அழுத்திக் கீறக் கூடாது. பிறகு உள்முடி எடுப்பதற்கென்றே வரும் அகலப் பல் சீப்பு. கடைசியாகச் சாதாரண இரும்புச் சீப்பை வேரோடு வைத்து இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் போனால்தான் அந்த இடம் முடிந்தது. காதின் பின்புறம், அக்குள், பின்தொடை, கழுத்துப்பட்டை உரசும் இடம், இந்த நான்கிலும்தான் சிக்கு ஒளிந்திருக்கும்.

குளிப்பாட்டுவதற்கு முன்பே சீவி முடியுங்கள். குளித்த பிறகு தோல்வரை காய வேண்டும். அடர்முடி நாயை அரைகுறை ஈரத்தோடு விட்டால் ஒரே நாளில் சிவந்து நீர் வடியும் புண் கிளம்பிவிடும். சூடில்லாத காற்றில் உலர்த்துங்கள், பொறுமையாக.

கேள்வி: வீடு முழுக்க முடி. மழித்தால் உதிர்வது நிற்குமா?

பதில்: நிற்காது. நீள முடிக்குப் பதில் குட்டை முடி உதிரும், அதைத் துணியிலிருந்து எடுப்பது இன்னும் கடினம். ஒவ்வாமைக்காக மழிப்பதும் பயன் தராது. ஒவ்வாமையைத் தூண்டுவது முக்கியமாக எச்சிலிலும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்கள்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்குப் பதினொரு வயது. இந்த வெயிலில் மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, குரைப்பும் மாறிவிட்டது. முடியைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தயவுசெய்து இன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். வயதான பெரிய நாய்களுக்குக் குரல்வளைத் தசை செயலிழந்து மூச்சுப்பாதை சரியாகத் திறக்காமல் போவதுண்டு, லாப்ரடாரில் அது அதிகம். குரல் மாறுவது அதன் அடையாளம். இரைப்பதுதான் நாய் சூட்டை வெளியேற்றும் வழி என்றேன் அல்லவா, இவனுக்கு அந்த வழியே அடைபடுகிறதோ என்று அஞ்சுகிறேன். போகும்வரை நடக்கவிடாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள்.

கேள்வி: வெப்பம் தாக்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? உடனே என்ன செய்ய வேண்டும்?

பதில்: நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், கருஞ்சிவப்பான ஈறு, வாந்தி, தள்ளாட்டம். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

முதலில் குளிர்வியுங்கள், பிறகு தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். அடர்முடி நாய் என்றால் முடியைப் பிரித்துத் தோல் நனையும்படி ஊற்ற வேண்டும், மேலே ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது சூடேறி உள்ளே அடைத்துக்கொள்ளும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 39.5 டிகிரிக்கு இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு சில மணி நேரமோ, ஒரு நாளோ கழித்துத்தான் வெளியே தெரியும்.

கேள்வி: முடி திருத்தும் கடையில் என்ன சொல்லிக் கேட்பது? “சம்மர் கட்” என்றாலே மொட்டை அடித்துவிடுகிறார்கள்.

பதில்: அந்தப் பெயரையே சொல்லாதீர்கள். “உள்முடியை வாரி எடுத்துக் குளிப்பாட்டி உலர்த்துங்கள், முதுகிலும் விலாவிலும் கிளிப்பர் படக் கூடாது” என்று சொல்லுங்கள். உள்ளங்கால் இடுக்கு, ஆசனவாயைச் சுற்றி, வயிறு ஆகிய இடங்களில் குட்டையாக்கச் சொல்லலாம். பின்தொடையில் தொங்கும் முடியின் நுனியைக் கத்தரிக்கலாம். கூண்டில் அடைத்துச் சூடான காற்றடித்து உலர்த்துவார்களா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் வேறு கடை பாருங்கள். ஆள் பார்க்காத சூட்டுக் கூண்டில் நாய்கள் செத்திருக்கின்றன.