ஏரியல்ல போஸ்ட்டாக்: அது இஸ்ரேலா, வெஸ்ட் பேங்க்கா?

"இஸ்ரேலோட ஏரியல் யுனிவர்சிட்டில போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) ஆஃபர் வந்திருக்கு, மேப்ல பாத்தா ஊரு வெஸ்ட் பேங்க்குள்ள இருக்கு, சேந்தா பின்னாடி சிக்கல் வருமா"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

மேப் சரியாத்தான் காட்டுது. 1967 போர்ல இஸ்ரேல் புடிச்ச இடம் அது, பச்சைக் கோட்ட, அதாவது இஸ்ரேலுக்கும் வெஸ்ட் பேங்க்குக்கும் நடுவுல இருக்குற 1949 போர்நிறுத்தக் கோட்ட, தாண்டி கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் உள்ள, பக்கத்துலயே சல்ஃபீத்னு பாலஸ்தீன ஊரு. 1978ல ஒரு மொட்டை மலைல கொஞ்சம் இஸ்ரேல் குடும்பங்க வந்து எறங்குனாங்க, மதக்காரங்க இல்ல, முக்கால்வாசி பாதுகாப்புத் துறை கம்பெனிகள்ல வேலை பாத்தவங்க. 90கள்ல சோவியத்துல இருந்து வந்தவங்க நெறைய பேர் குடியேற, 1998ல நகர அந்தஸ்து கெடைச்சுது. இப்ப சுமார் 20,000 பேர். ரோட்டுல போனா டெல் அவிவ் ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துரும், அங்க இருக்குறவங்களுக்கு கோட்ட தாண்டுற நெனப்பே வராது.

ஆனா பேப்பர்ல வேற கதை. உங்க யுனிவர்சிட்டியவே எடுத்துக்கோங்க, 1982ல பார் இலான் யுனிவர்சிட்டியோட கிளைக் காலேஜா ஆரம்பிச்சது, 2012ல அத யுனிவர்சிட்டி ஆக்குன உத்தரவுல கையெழுத்து போட்டது கல்வி அமைச்சர் இல்ல, ராணுவத் தளபதி! ஏன்னா அந்த மண்ணுல சட்டப்படி அதிகாரம் ராணுவத்துக்குத்தான். 2018ல தனிச்சட்டம் போட்டுத்தான் இஸ்ரேலோட உயர்கல்விக் கவுன்சிலுக்குக் கீழ கொண்டு வந்தாங்க. இத சர்ச்சைக்குரிய பகுதிங்குது இஸ்ரேல், ஐநா பாதுகாப்புக் கவுன்சிலோட 2334ம் தீர்மானமும் 2024ல சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்தும் குடியேற்றங்க சட்டவிரோதம்னு சொல்லுது, என் வாசிப்புலயும் ரெண்டாவதுதான் சரி.

உங்களுக்கு வேணுங்குறது என்னன்னா, சம்பளம் எந்த ஃபண்ட்ல வருதுன்னு புரொஃபசர்கிட்ட மெயில்லயே கேட்டுருங்க. ஐரோப்பிய யூனியனோட ஹொரைசன்ங்குற ஆராய்ச்சி நிதித் திட்டப் பணம் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்குற நிறுவனத்துக்கு வராது. அங்க நடக்குற ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசுப் பணம் போகக் கூடாதுன்னு இருந்த தடைய 2020ல அமெரிக்கா எடுத்துச்சு, அதுக்கு விழாவே ஏரியல்லதான் நடந்துச்சு, 2023ல பைடன் அரசு திரும்ப போட்டுச்சு, ஆட்சிக்கு ஆட்சி இது மாறக்கூடியது, நம்பி உக்காராதீங்க. அடுத்து ஐரோப்பால போஸ்ட் தேடுற பிளான் இருந்தா, சி.வி.ல (பயோடேட்டால) ஏரியல்னு பாத்ததும் கேள்வி கேக்குற ஆளுங்களும் இருப்பாங்க, கூட்டா ஆராய்ச்சிப் பேப்பர் எழுத மாட்டேன்னு சொல்றவங்களும் உண்டு. பேப்பர்ல முகவரி "ஏரியல், இஸ்ரேல்"னு போடணுமான்னே சண்டை நடந்திருக்கு, அதையும் சேர்றதுக்கு முன்னாடியே லேப்ல கேட்டு வச்சுக்கோங்க.