ஒன்பது வருஷம் கழித்து மறுபடி இரத்தம்

கேள்வி: அக்கா, எனக்கு 53 வயது. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிறேன். 9 வருஷத்துக்கு முன்பு ஸ்டேப்ளர் முறையில் மூலத்துக்கு ஆப்பரேஷன் செய்துகொண்டேன். நன்றாகத்தான் இருந்தேன். இரண்டு மாதமாக மறுபடி இரத்தம் போகிறது. “மூலம் எப்படியும் திரும்பி வரும், காசுதான் நஷ்டம்” என்கிறார் கூட வேலை செய்பவர். மறுபடியும் ஆப்பரேஷனா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, 9 வருஷம் நிம்மதியாக லோரி ஓட்டியிருக்கிறீர்கள். அந்தக் காசு வீண் போகவில்லை. ஆனால் உங்கள் நண்பர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஸ்டேப்ளர் முறையில் மூலத்தை வெட்டி எடுப்பதில்லை. அதற்கு மேலே உள்சவ்வில் ஒரு வளையத்தை எடுத்துவிட்டு, கீழே தொங்குவதை மேலே தூக்கிப் பிணைத்துவிடுகிறார்கள். வலி அவ்வளவாகத் தெரியாத இடம் அது, சீக்கிரம் வேலைக்குப் போய்விடலாம். ஆனால் தூக்கிக் கட்டியது நாளாவட்டத்தில் மறுபடி இறங்கலாம். பிரிட்டனில் 777 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஸ்டேப்ளர் போட்டவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மூலம் திரும்பியிருந்தது. வெட்டி எடுத்தவர்களில் 25 பேருக்கு.

வெட்டி எடுப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பினாங்கில் 31 வருஷம் அறுவை வார்டில் தாதியாக இருந்தவள் நான். 1999-இல் எனக்கே செய்தார்கள். முதல் பத்து நாள், மலம் கழிக்கப் போகவே நடுங்கினேன். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இன்றுவரை இரத்தம் இல்லை. ஆனால் ஓரத்தில் சின்னதாக ஒரு தோல் மடிப்பு மிஞ்சியது. மூலம்தான் திரும்பிவிட்டது என்று இரண்டு வருஷம் பயந்து கிடந்தேன். வெறும் தோல்தான் அது, ஒன்றும் செய்யாது. காற்று மட்டும் சில நேரம் அடங்காமல் போய்விடும். சிலருக்கு ஆசனவாய் சுருங்கிப்போவதும் உண்டு. இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், யாரும் சொல்வதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த “இரண்டு மாதம்”. பழைய மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். 53 வயதில் புதிதாக இரத்தம் போனால் அப்படி நினைக்கக் கூடாது, தம்பி. மூலம் என்று சொல்லிக்கொண்டு களிம்பு தடவியே நாளைக் கடத்திவிட்டு, குடலில் புற்று முற்றிய பிறகு எங்கள் வார்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை. மூலமாகவே இருக்கலாம். ஆனால் ஸ்கோப் போட்டு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள குழாயை விட்டுக் குடலைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், செலவு 1 ரிங்கிட். எத்தனை நாளாக இரத்தம் போகிறது, உடம்பு இளைத்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா, எல்லாவற்றையும் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள்.

மூலம்தான் என்று தெரிந்தால் உடனே கத்தி எடுக்க மாட்டார்கள். சின்னதாக இருந்தால், ஸ்டேப்ளர் போட்டவருக்கும் மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டி அதை உதிர வைத்துவிடலாம், அன்றே வீட்டுக்கு வரலாம்.

சரி, லோரி விஷயம். வழியில் நிறுத்த வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவீர்கள், வந்ததையும் அடக்குவீர்கள். என் அண்ணனும் லோரிக்காரர்தான், எனக்குத் தெரியும். அடக்க அடக்க மலம் கல்லாகிவிடும், அப்புறம் முக்கித்தான் தள்ள வேண்டும். எந்த ஆப்பரேஷனும் அதைத் தாங்காது. வழியில் தாப்பா ஓய்விடத்தில் நிறுத்துங்கள், பத்து நிமிஷம் தாமதமானால் ஆகட்டும். ரொட்டி சானாயோடு பசியாறிவிட்டுக் கிளம்பினால், கூடவே ஒரு துண்டு பப்பாளியும் கொய்யாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்புக்கு முந்தின நாள் பேதி மருந்து குடிக்க வேண்டியிருக்கும், அன்று லோரி ஓட்ட முடியாது. மறுநாள் மயக்க ஊசி போட்டால் அன்றும் ஓட்டக் கூடாது. இரண்டு நாள் லீவு சொல்லி வையுங்கள். கூட்டிக்கொண்டு வர ஒருவர் வேண்டும், அதனால் வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.