பெரிய வேலையைத் தொடங்கும் முன் எதற்கு முன்னுரிமை தருவது?

பெரிய திட்டம் ஒன்றில் இறங்கும் முன் எப்படித் திட்டமிடுவது, எதை முதலில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இரண்டு முறை வீட்டைப் புதுப்பித்தவள் என்ற முறையில், முதல் முறை பட்ட பாட்டையும் இரண்டாம் முறை அதைத் தவிர்த்த விதத்தையும் சொல்கிறேன்.

முதல் வீட்டில் நானும் கணவரும் நான்கு வார இறுதிகளைச் சமையலறை அலமாரிக்கு நிறம் தேர்ந்தெடுப்பதிலேயே கழித்தோம். சுவர் முழுவதும் ஓடு பதித்து முடிந்த பிறகுதான், மின்னடுப்பு வைக்க நினைத்த இடத்தில் அதற்கான மின் இணைப்பே இல்லை என்பது தெரியவந்தது. ஆறு ஓடுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். அதே தொகுதி ஓடு கடையில் தீர்ந்துபோயிருந்ததால், மாற்றாகப் பதித்தவை சற்றே மஞ்சள் கலந்து இன்றும் தனியாகத் தெரிகின்றன. வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் நாங்கள் கொடுத்த வரைபடத்தில் அந்த அடுப்பே இடம்பெறவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, முழங்கால் வலியால் அவதிப்படும் அம்மாவுக்காக அங் மோ கியோவில் பழைய மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கினோம். இம்முறை எந்தக் குத்தகையாளரையும் அழைப்பதற்கு முன், செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையையும் தனித்தனித் துண்டுத் தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். ஒவ்வொரு தாளிலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதினோம்: இந்த வேலை எது முடிவதற்காகக் காத்திருக்கிறது? பிற்பாடு இதை மாற்ற நினைத்தால் எதை உடைக்க வேண்டியிருக்கும்? அப்படி எழுதிய பின் தாள்களை அடுக்கியபோது, நாங்கள் ஆசைப்பட்ட வரிசை அப்படியே தலைகீழானது. யாருடைய கண்ணுக்கும் படாத மின்சாரம், குழாய், கழிவறைத் தரையின் நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவை மேலே வந்தன. சோபாவும் திரைச்சீலையும் அடியில் போய்விட்டன. அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் 30 ஆம்பியர் மட்டுமே என்பதையும், குளிரூட்டியும் மின்னடுப்பும் ஒன்றாக ஓட வேண்டுமானால் அதை 40 ஆம்பியராக உயர்த்த வேண்டும் என்பதையும் மின்பணியாளர் சொன்னது அந்தக் கட்டத்தில்தான். சுவர் பூசிய பிறகு அதைக் கேட்டிருந்தால் முதல் வீட்டின் கதையே திரும்பியிருக்கும்.

அடியில் கிடந்த தாள்களை வேண்டுமென்றே முடிவு செய்யாமல் விட்டுவைத்தோம். எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஒன்றைப் பற்றி முதல் வாரத்திலேயே விவாதிப்பது, மாற்றவே முடியாத ஒன்றுக்குத் தேவையான நேரத்தைத் தின்றுவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து.

நம் கையில் இல்லாத கட்டுப்பாடுகளையும் அதே மேசையில் வைக்க வேண்டும். சுவர் இடிக்கவும் கழிவறை ஓடுகளைப் பெயர்க்கவும் அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டி நிர்வகிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி தேவை; இரைச்சல் மிகுந்த வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம்; சம்பளத்தில் கட்டாயமாகச் சேரும் மத்திய சேமநிதிப் பணத்தைப் புதுப்பிப்புக்குப் பயன்படுத்த முடியாது. சனிக்கிழமை விடுப்பில் இருந்து மேற்பார்வை செய்யலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு அந்த வார நாள் விதியால் அடிபட்டது. இடிக்கும் வேலைக்கு வார நாள்களில் விடுப்பு எடுத்தேன். ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கியும் வைத்தோம். கழிவறைத் தரையைப் பெயர்த்தபோது அரித்துப்போன குழாய் ஒன்று வெளிப்பட, அதில் பாதி அங்கேயே செலவானது.

எது எதற்காகக் காத்திருக்கிறது என்ற கேள்வியின் வலிமையை, நாம் தினமும் கடந்துபோகும் சிங்கப்பூர் ஆற்றிலேயே பார்க்கலாம். ஆற்றையும் காலாங் படுகையையும் பத்து ஆண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று 1977இல் பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்தார். சேற்றை அள்ளுவதில் மட்டும் இறங்கியிருந்தால் அடுத்த மழைக்கே கழிவு மீண்டும் வந்து சேர்ந்திருக்கும். கழிவு புறப்படும் இடங்களை முதலில் அகற்ற வேண்டியிருந்தது: 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகள், ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள், கழிவுநீர்க் குழாய் வசதியில்லாத குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 26,000 குடும்பங்கள். அந்தக் குடும்பங்களை நகர்த்த அடுக்குமாடி வீடுகளும், வியாபாரிகளை நகர்த்த உணவங்காடி நிலையங்களும் தயாராக இருந்தாக வேண்டும். ஆகவே, ஆற்றைத் தூய்மைப்படுத்தும் வேலையின் பெரும்பகுதி ஆற்றுக்கு வெளியே நடந்தது; 1987இல் இலக்கு நிறைவேறியது. உங்கள் திட்டம் மென்பொருளாக இருந்தாலும் திருமணமாக இருந்தாலும், இப்படி வெளியே நடக்க வேண்டிய வேலை எது என்பதை முதலில் தேடுங்கள்.

அம்மா வீட்டில் எங்களுக்கு அப்படி முன்னதாகத் தேட வேண்டியதாக அமைந்தது, அம்மா பிடித்து எழுந்திருக்கக் கழிவறைச் சுவரில் பொருத்தும் கைப்பிடி. கைப்பிடி ஓட்டின் மேல்தான் பொருத்தப்படும் என்பதால் அதைக் கடைசி வேலை என்று நினைத்திருந்தோம். ஆனால் அதன் திருகுகள் சுவருக்குள் போகும் குழாயைத் துளைத்துவிடக் கூடாதே என்ற கேள்வி எழுந்ததும் அந்தத் தாள் மேலே ஏறியது. ஓடு பெயர்த்த வெற்றுக் கழிவறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னோம். எழுந்திருக்க முயன்றபோது அவர் கை தானாகப் போய் ஊன்றிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டேன். வரைபடத்தில் குறித்திருந்த உயரத்தைவிட அது ஒரு சாண் கீழே இருந்தது. குழாயின் வழியை அந்தக் கோட்டுக்கு அப்பால் மாற்றிய பிறகே சுவரைப் பூசத் தொடங்கினார்கள்.