வைரஸ் ஊசிக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. இருமல் விடவில்லை என்று ஸ்கேனும் பயாப்சியும் எடுத்ததில் நுரையீரல் புற்றுநோய், 'அடினோகார்சினோமா' வகை, முதுகெலும்புக்கும் பரவி நான்காம் நிலை என்று சொல்லிவிட்டார்கள். வைரஸ் வழியாக நல்ல மரபணுவைச் செலுத்திக் குணப்படுத்தும் ஊசி வெளிநாட்டில் இருப்பதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். 30 லட்சம் ரூபாய் ஆகுமாம். நிலத்தை விற்கத் தயாராக இருக்கிறோம். போகலாமா?

மருத்துவர் பதில்: வேண்டாம். நிலத்தில் கை வைக்காதீர்கள்.

உறவினர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 'பி53' என்ற மரபணு நம் செல்களின் காவல்காரன். செல் பழுதானால் பெருகவிடாமல் நிறுத்தும். சரிசெய்யவே முடியாது என்றால் அந்தச் செல்லைச் சாகவைக்கும். நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் காவல்காரன் கெட்டுப்போயிருக்கிறான். செல்லுக்குள் நுழைவதில் வைரஸுக்கு இணை கிடையாது என்பதால், நோய் உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்டு, நல்ல பி53-ஐ அதில் ஏற்றி அனுப்பிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் டாக்டர் ஜாக் ராத் குழுவினர் 9 நோயாளிகளுக்கு இதைக் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போட்டு, 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். மூவருக்குக் கட்டி சுருங்கியது. இன்னும் மூவருக்கு வளராமல் நின்றது. அன்று அது பெரிய நம்பிக்கை.

ஆனால் ஊசி போட்ட கட்டியில்தான் அது வேலை செய்தது. உங்கள் அப்பாவுக்கு நோய் எலும்பிலும் இருக்கிறது. ரத்தத்தில் செலுத்தினால் பெரும்பகுதியைக் கல்லீரல் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் இந்த ஊசிக்குப் பயன்படுத்திய அடினோ வைரஸ், சாதாரணச் சளிக்காய்ச்சல் தரும் இனம். அதை எதிர்க்கும் சக்தி நம்மில் பலருக்கு ஏற்கெனவே இருப்பதால் உடலே அதை அழித்துவிடும். ஆபத்தும் உண்டு. 1999-இல் பென்சில்வேனியாவில், வேறொரு மரபணு நோய்க்கான ஆய்வில், அடினோ வைரஸ் செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் நான்கு நாட்களில் இறந்துபோனார்.

சீனா 2003-இல் பி53 ஊசிக்கு அனுமதி தந்தது. அது தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. அமெரிக்கா 2015-இல் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கும், 2022-இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் வைரஸ் மருந்துகளை அனுமதித்தது. நுரையீரலுக்கு இன்னும் ஆய்வு நிலைதான். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. 30 லட்சம் கேட்கிறார்கள் என்றாலே எனக்குச் சந்தேகம் வருகிறது.

நீங்கள் உடனே கேட்க வேண்டியது வேறு. பயாப்சி எடுத்த சதையை மெழுகில் பதித்து, தபால்தலை அளவுக்கு ஒரு கட்டியாக லேபில் வைத்திருப்பார்கள். 'பிளாக்' என்று கேட்டால் தருவார்கள். உள்ளே இருப்பது அரிசிமணி அளவு சதைதான், ஆனால் அப்பாவின் சிகிச்சையே அதில் இருக்கலாம். அதில் ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே போன்ற மரபணு மாற்றங்களும், பி.டி.எல்-1 என்ற புரதத்தின் அளவும் பார்த்தார்களா? புகைக்காதவர்களுக்கு வரும் இந்த வகையில் ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் அதிகம். இருந்தால் தினமும் மாத்திரை. ஜெஃபிடினிப் என்ற மாத்திரை மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. ஓசிமெர்டினிப் அதைவிடத் திறமையானது, விலையும் அதிகம். நான்காம் நிலையை இவை அடியோடு நீக்கா. ஆனால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வழக்கமான வேலைகளைப் பார்க்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். மாற்றம் எதுவும் இல்லையென்றாலும் கீமோ, உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபி உண்டு. உடம்பு இடம் கொடுத்தால், பரிசோதனை முடிவு வரும்வரை மற்ற சிகிச்சையில் அவசரப்பட வேண்டாமே என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

முதுகெலும்பில் நோய் இருப்பதால் இன்னொன்று. வலிக்குக் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும்; பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். கால்கள் திடீரென்று வலுவிழந்தாலோ மரத்தாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.