எக்செலில் 8.30 என்று அடித்தால் 7:12 காட்டுவது ஏன்?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்கார அமைப்பின் கணக்குப் பார்ப்பவர் கேட்டிருக்கிறார்: வாய்க்கால் துப்புரவுக்குப் பிடித்த பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடித்தது என்று எக்செலில் அடித்தாராம். நேர ஃபோர்மட்டுக்கு மாற்றியதும் 8.30 எல்லாம் 7:12 ஆகிவிட்டதாம்.

ஃபோர்மட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், பிழை அங்கே இல்லை. மணியைப் புள்ளி வைத்து எழுதுவது எங்கள் பழக்கம். எக்செலுக்கு அது நேரமல்ல, 8.3 என்ற வெறும் எண். அதன் கணக்கில் 1 என்பது ஒரு முழு நாள். ஆக 8.3 என்றால் எட்டு நாளும் மிச்சம் 0.3 நாளும். 0.3 ஐ 24 ஆல் பெருக்கினால் 7.2 மணி, அதுதான் உங்கள் 7:12.

ஃபோர்மட்டை மாற்றாமல் அப்படியே கழித்தாலும் தப்ப முடியாது. 16.15 இலிருந்து 8.30 போனால் 7.85 வரும். உண்மையில் ஓடியது ஏழே முக்கால் மணி, அதாவது 7.75. பெக்கோக்காரருக்கு வேண்டுமானால் சந்தோஷம்!

புள்ளியைத் தேடி முக்காற்புள்ளியாக மாற்றுங்கள் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். உள்ளே இருப்பது 8.3 என்பதால் அது 8:03 ஆகிவிடும். 8.45 போன்றவை மட்டும் சரியாக வரும், அதனால் பிழை கண்ணில் படாமலே போகலாம்.

இனி அடிப்பதை 8:30 என்றே அடியுங்கள். ஏற்கெனவே அடித்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புது நிரல் போட்டு டைம் (TIME) ஃபங்ஷனைப் பாவியுங்கள். மணி இருக்கும் இடத்தில் எண்ணின் இன்ட் (INT, புள்ளிக்கு முன்னால் உள்ள முழு எண்), நிமிட இடத்தில் மிச்சத்தை நூறால் பெருக்கி ரவுண்ட் (ROUND, கிட்டிய முழு எண்ணாக்குவது), வினாடிக்கு 0. ரவுண்டை விட்டால் 16.15 சில வேளை 16:14 ஆகும், ஏனென்றால் டைம் தசமத்தை வெட்டி எறிந்துவிடும்.

அப்புறம், மொத்தம் 24 மணியைத் தாண்டினால் திரும்பப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். 31:45 வரவேண்டிய இடத்தில் 7:45 நிற்கும். இங்கேதான் ஃபோர்மட் வேண்டும்: கஸ்டமில் மணிக்குரிய எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள், [h] என்று போடுங்கள். வேலை நள்ளிரவைத் தாண்டியிருந்தால் கழித்த விடையை மொட் (MOD) ஃபங்ஷனில் 1 ஆல் வகுக்கக் கொடுங்கள், இல்லாவிட்டால் விடை மறைப் பெறுமானமாகி, கட்டம் முழுக்க வேலிக்குறிதான் (#). நிரலை எவ்வளவு அகலமாக்கினாலும் போகாது.

காசு கணக்கிடும்போது நேரத்தை 24 ஆல் பெருக்கிய பிறகே கூலியால் பெருக்குங்கள். மணிக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் 7:45 க்கு 38,750 வரவேண்டும். 24 ஐ மறந்தால் 1,614 ரூபாய்ச் சொச்சம்தான் வரும்.