பன்றியின் குடலும் ஈரலும் கொழுப்பை என்ன செய்கின்றன? கேள்வி பதில்

கால்நடைத் தீவனத் துறையில் வேலை பார்த்த நம் உறுப்பினர், சுங்கை சிப்புட் வட்டாரத்து அன்பர்களுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: அண்ணே, எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்றே கொழுக்கின்றன. அதன் கொழுப்பில் பாமாயில் இருக்குமா?

பதில்: பாமாயிலாகவே இருக்காது தம்பி, சாயல் இருக்கும். கணையத்தின் லிபேஸ் நொதி எண்ணெயை உடைக்கிறது, பித்தநீர் கரைத்துக் கொடுக்கிறது. சிறுகுடல் செல்கள் அதை உறிஞ்சி, மறுபடி கொழுப்பாகக் கட்டி, புரத உறை போட்டு நிணநீருக்குள் அனுப்புகின்றன. இந்த வேலைக்கான மரபணுக்கள் சிறுகுடலின் முன்பாதியில்தான் மும்முரம்; பெருங்குடலில் அடக்கம். மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் கொழுப்பை முதலிலேயே மாற்றிவிடும். பன்றிக்கு அந்த வயிறே இல்லை, தின்ற கொழுப்பமிலம், அதாவது கொழுப்பின் கட்டுமானக் கல், பெரிதாக மாறாமல் உடம்பில் படியும். சோயா எண்ணெய் அதிகம் தின்ற பன்றியின் கொழுப்பு கொழகொழவென்று இளகும். பாமாயிலில் கெட்டியாக உறையும் பால்மிட்டிக் அமிலமே ஏறக்குறைய 44 விழுக்காடு என்பதால் அவ்வளவு இளக்கம் வராது.

கேள்வி: எல்லா செல்லிலும் அதே மரபணுதானே சார், உறுப்புக்கு உறுப்பு ஏன் வித்தியாசம்?

பதில்: மரபணு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை உண்டாக்கும்; உறுப்புத் துண்டிலிருந்து அதை எடுத்து அளந்தால் எது ஓடுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு ஈரலில் கொழுப்பு என்கிறார் டாக்டர். பன்றிக்கும் வருமா தம்பி?

பதில்: லேசில் வராது அக்கா. மனிதருக்கும் கோழிக்கும் புதுக் கொழுப்பு உருவாகும் முக்கிய இடம் ஈரல். பன்றி அதைக் கொழுப்புத் திசுவிலேயே செய்துகொள்கிறது. கொழுப்பமிலம் தயாரிக்கும் எஃப்.ஏ.எஸ்.என். மரபணு முதுகுக் கொழுப்பில் ஓடும் வேகம் ஈரலில் இல்லை. அதற்காகப் பன்றி ஈரல் பிரட்டலை மருந்தென்று நினைத்துவிடாதீர்கள்!

கேள்வி: பிறந்த குட்டிக்கு லைட் போட்டே ஆகணுமா? இங்கே என்ன குளிரா?

பதில்: போட்டே ஆக வேண்டும். நமக்கு வியர்க்கிற ராத்திரியிலும் குட்டி நடுங்கும். அதற்கு 32 முதல் 35 டிகிரி வரை சூடு தேவை. மற்ற பாலூட்டிக் குட்டிகள் பலவற்றுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு உண்டு. அதற்கான யு.சி.பி.1 மரபணுவைப் பன்றியின் மூதாதைகள் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டன. ஈரலும் கைகொடுக்காது: கொழுப்பைக் கீட்டோன் என்ற எரிபொருளாக்கும் எச்.எம்.ஜி.சி.எஸ்.2 மரபணு குட்டியிடம் மந்தம். பிறக்கும்போது உடம்பில் இருக்கும் கொழுப்பே 1, 2 விழுக்காடுதான். சீம்பாலும் லைட்டும்தான் கதி. நம் ஆட்கள் மின்கட்டணம் பார்த்து லைட்டை அணைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை.

கேள்வி: கொழுப்புக் குறைந்த ஜாதி வாங்க எந்த மரபணுவைப் பார்ப்பது?

பதில்: ஐ.ஜி.எஃப்.2. தசை வளர்ச்சியைத் தூண்டும் மரபணு அது. அதன் டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து மாறினால் தசை கூடி முதுகுக் கொழுப்பு குறைகிறது என்று 2003இல் கண்டுபிடித்தார்கள். தசையில் தகப்பன் வழி வந்த பிரதி மட்டுமே பேசும். ஆகவே தாய்ப்பன்றியை விட்டுவிட்டு, ஆண் பன்றிக்குப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.